தோள் இறுகிப்போச்சு, உருவி விடலாமா?

கேள்வி (காரைக்குடி): ஆத்தாவுக்கு 58 வயசு, சர்க்கரை உண்டு. வலது கையைப் பின்னால கொண்டுபோக முடியலை, ராத்திரி வலி அதிகம். எண்ணெய் போட்டு இழுத்து உருவச் சொல்றாங்க. செய்யலாமா?

பதில் 1: இழுக்காதீங்க, வலி கூடும். முழங்கையை விலாவோட ஒட்டி மடக்கச் சொல்லி, முன்கையை நீங்களே மெதுவா வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்க. நீங்க திருப்பியும் வரலைன்னா மூட்டு உறை இறுகின ஃப்ரோசன் ஷோல்டரா இருக்கலாம். சர்க்கரைக்காரங்களுக்கு சகஜம். நீங்க தூக்கினா வருது, அவங்களாத் தூக்க முடியலைன்னா தசைநார் கிழிசலைச் சந்தேகிக்கணும். எக்ஸ்ரேயில மூட்டுத் தேய்மானம் தெரியும், கிழிசல் தெரியாது. அதுக்கு அல்ட்ராசவுண்ட் வேணும்.

பதில் 2: உறை இறுக்கம்னு டாக்டர் சொன்னா, 10 நிமிஷம் வெந்நீர் ஒத்தடம். சூட்டை நீங்க தொட்டுப் பாருங்க, அவங்களுக்கு மரத்திருக்கலாம். பிறகு மேசையில இடது கையை ஊன்றிக் குனிஞ்சு, வலது கையைத் தொங்கவிட்டுச் சின்ன வட்டம், ஒவ்வொரு திசையிலயும் 10. உடம்பு அசைஞ்சுதான் கை ஆடணும், தோளால சுத்தக் கூடாது. அடுத்து விரலால சுவர் ஏறுறது. நம்ம ஊர் சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் வழுவழுப்பு, அதுக்குன்னே கட்டினாப்ல! தோள் காதுகிட்ட எகிறினா அங்கேயே நிறுத்துங்க. மறுநாளும் வலிச்சா பாதியாக் குறைங்க.

பதில் 3: ஸ்டீராய்டு ஊசி போட்டா சில நாள் சர்க்கரை ஏறும், தினமும் பாருங்க. அம்மி, ஆட்டுக்கல் இப்போதைக்கு வேண்டாம்.