புதுப்பிப்பு: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் துடிப்பின் இடைநிறுத்தமும்

படபடப்பு அடங்கும் தருணத்தில் கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்றும், கோத்தகிரியிலிருந்து கோவைக்குச் சென்று, இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவுசெய்யும் ஹோல்டர் கருவி பொருத்திக்கொள்ளப் போகிறேன் என்றும் முன்பு எழுதியிருந்தேன். முடிவு வந்துவிட்டது.

இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடித்து (இதுவே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்) ஓய்ந்ததும், இயற்கையாகத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணு உடனே விழித்துக்கொள்ளாமல் தாமதிக்கிறது. நெருக்கமாகக் கிறுக்கியது போன்ற கோடுகள் சட்டென்று நின்று, 4 விநாடிக்கும் மேல் வெறும் நேர்கோடு ஓடி, பிறகு ஒற்றைத் துடிப்பு எழுவதை மருத்துவர் தாளில் விரல் வைத்துக் காட்டினார். தேயிலைச் சரிவில் தலைசுற்றி வேலிக்கம்பத்தைப் பற்றிக்கொண்டதாக நான் குறித்துவைத்த நேரமும் அதுவே. ஹோல்டர் அணிபவர்கள் தயவுசெய்து குறிப்பேட்டை விடாமல் எழுதுங்கள்.

துடிப்பின் வேகத்தைக் குறைக்க நான் உட்கொள்ளும் மெட்டோப்ரோலால் மாத்திரை இந்த இடைநிறுத்தத்தை நீட்டிவிடக்கூடும். அதை நிறுத்தினாலோ படபடப்பு மிகும். துடிப்பு தாமதிக்கும்போது மின்தூண்டல் தந்து இதயத்தைத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் கருவியைப் பொருத்திய பிறகே அம்மாத்திரையை அச்சமின்றித் தொடர முடிகிறது.

இனி இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை வேண்டாமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கட்டாயம் வேண்டும். பேஸ்மேக்கர் துடிப்பு நின்றுபோகாமல் காக்குமே தவிர ஃபிப்ரிலேஷனைத் தீர்க்காது. மேலறையில் இரத்தக்கட்டி உருவாகிப் பக்கவாதம் வரும் அபாயம் அப்படியே இருப்பதால், இரத்தம் உறையாமலிருக்கும் அபிக்ஸபான் மாத்திரையை வேளை தவறாமல் உட்கொள்கிறேன். பேஸ்மேக்கர் பொருத்தியிருப்பதால் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கச் சில வாரங்கள் தடை உள்ளது. கைப்பேசியைச் சட்டைப்பையில் வைக்காமல், பேஸ்மேக்கரிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைத்துக்கொள்கிறேன்.