விண்வெளியில் ஓடுபவர் மாட்டிக்கொள்ளும் ஹார்னஸுக்குத் தமிழில் என்ன சொல்: சேணமா, நுகமா, பளுக்கச்சையா?

> சேணம் என்று அகராதியில் இருக்கும்போது எதற்குப் புதுச்சொல்?

ஐயா, இருக்கிறதுதான். ஆனால் எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் சேணம் என்றால் குதிரை முதுகில் போடுவது, ஏறி உட்காருபவருக்கானது. விண்வெளி நிலையத்தில் டிரெட்மில்லில் ஓடுபவர் மாட்டிக்கொள்வது வேறு. எடையே தெரியாத இடத்தில் ஒரு எட்டு வைத்தாலே ஆள் மேலே மிதந்துவிடுவார், அதனால் தோளிலும் இடுப்பிலும் பட்டை போட்டு ரப்பர் கயிற்றால் கீழே இழுத்துக் கட்டுகிறார்கள், அந்த இழுவைதான் அவருக்கு எடை. 2007இல் சுனிதா வில்லியம்ஸ் பாஸ்டன் மராத்தானை அங்கிருந்தே ஓடியதும் இப்படிக் கட்டிக்கொண்டுதான்.

பட்டை தோளை அறுத்தால் என்ன செய்வார்? இழுவையைக் குறைத்துக்கொள்வார். குறைத்தால் எலும்புக்குக் கிடைக்கும் பலனும் குறையும். உடற்பயிற்சி போதாவிட்டால் இடுப்பெலும்பின் அடர்த்தி மாதம் 1 முதல் 1.5 சதவீதம் வரை போய்விடும் என்பதால் பட்டை உறுத்தாமல் இருப்பதைச் சொகுசு என்று ஒதுக்க முடியாது. நாசாவின் கிளென் மையத்தில் புது வடிவம் செய்தபோது மலையேறுபவர்களின் முதுகுப்பைப் பட்டைகளைத்தான் முன்மாதிரியாக எடுத்தார்கள்.

இதே பேச்சில் ஓர் அக்கா சொன்ன 'தோள்நுகம்' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போச்சம்பள்ளிச் சந்தைக்கு வரும் மாட்டின் கழுத்தில் மயிர் உதிர்ந்து காய்ப்பேறிக் கிடப்பதைப் பார்த்தவன் நான். உறுத்தாத பொருளைச் செய்யப் பாடுபடுகிறார்கள், பேரே உறுத்தலாமா?

என் பரிந்துரை பளுக்கச்சை. பளுதூக்குதல் எல்லோருக்கும் தெரிந்த சொல், கச்சை கட்டி இறங்குவதும் நம் பேச்சில் இருப்பதுதான். ரஷ்யர்களின் பெங்குவின் உடை, 2015இல் டென்மார்க் விண்வெளி வீரர் ஆண்ட்ரியாஸ் மோகென்சன் போட்டுப் பார்த்த ஐரோப்பிய இறுக்க உடை இரண்டையும் இதில் சேர்க்க வேண்டாம். அவை ஓடுபொறியோடு கட்டாமல், உடையிலேயே உள்ள மீள்பட்டை அல்லது துணியின் இழுவையால் உடலை அழுத்துகின்றன, அவற்றுக்குப் பளுவுடை.

--

> என் பரிந்துரை பளுக்கச்சை.

பளுவுடை சரி தம்பி. கச்சை என்றால் தருமபுரியில் என் வகுப்புப் பையன்கள் சிரித்தே பாடத்தை முடித்துவிடுவார்கள். 'பளுவார்' போதாதா?

--

சார், வார் என்றால் ஒற்றைப் பட்டை. இங்கே தோள்பட்டை, இடுப்புப்பட்டை, கொக்கி எல்லாம் சேர்ந்த ஒரு தொகுதி. அப்புறம், பளுவார் என்று எழுதினால் யாரோ ஒரு பெரியவர் பெயர் மாதிரி இருக்கிறது. வேண்டுமானால் கீழே இழுக்கும் அந்த ரப்பர் கயிற்றுக்கு 'இழுவார்' வைத்துக்கொள்வோம். கச்சைக்குச் சிரிக்கும் பையன்களிடம் ஒருநாள் தோளில் மணல்மூட்டையைக் கட்டி ஓடச் சொல்லுங்கள்.