குப்பை எடுக்க வீட்டுக்கு 90 ரூபாய் இருந்தது 150 ஆகிறது, எப்படிப் பேசுவது?

கலா, துரைப்பாக்கம்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அடுக்குமாடி வளாகம் சென்னையில் ஓ.எம்.ஆர். சாலையில் இருக்கிறது. மூன்று பிளாக், 126 வீடு. இந்த வருஷம் சங்கத்துக்கு நான் பொருளாளர். வளாகம் பெரியது என்பதால் குப்பைக்கு நாங்களே தனியார் ஒருவரை வைத்திருக்கிறோம். வீட்டுக்கு 90 ரூபாய், மாதம் 11,340. போன வாரம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. அடுத்த மாதம் முதல் வீட்டுக்கு 150, அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கூட்டிப் பார்த்தால் 22,302 ரூபாய். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. காரணம் ஒரே வரியில்: டீசல், ஆள் கூலி.

அன்று ராத்திரி வாட்ஸ்அப் குரூப்பில் வேறு பேச்சே இல்லை. ஆளை மாற்றுங்கள் என்று பாதிப் பேர், சொத்து வரி கட்டுகிறோமே, எதற்குத் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று மீதிப் பேர். நான் இன்னும் இரண்டு பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் 140 என்றார். மற்றவர் 80 ரூபாய்க்கே எடுக்கிறேன் என்றார். எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள் என்று கேட்டேன். "அதை நாங்க பாத்துக்குறோம் மேடம்" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றி எரிந்தபோது ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு மாமியாருக்கு நெபுலைசர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். அந்த மேடு இருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் எங்கள் வீட்டுக் குப்பை ஒரு மூட்டை விழுவதற்கும் நான் காரணமாக இருக்க மாட்டேன்.

விலை பேசுவதற்கு முன்னால் வேலையை ஒரு தடவை பார்ப்போம் என்று செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு பேஸ்மென்ட்டுக்குப் போனேன். ஐம்பது வயது இருக்கும், ஒரு அம்மா பச்சைத் தொட்டியைக் கவிழ்த்து ஒவ்வொரு பையாகப் பிரித்துக்கொண்டிருந்தார். முடிச்சு இறுகியிருந்தால் வளைந்த கம்பியால் கிழிக்கிறார். ஒரு பையிலிருந்து தயிர்சாதமும் குழந்தையின் டயப்பரும் சேர்ந்து விழுந்தன. டயப்பரைக் கையாலேயே எடுத்து, ஒட்டியிருந்த சோற்றை உதறிவிட்டு, வேறு கோணியில் போட்டார். கையுறை இல்லையா அம்மா என்றேன். "போட்டா முடிச்சு அவுக்க வராதும்மா" என்றார். உள்ளங்கையில் வெட்டுக்காயம், மேலே மஞ்சள் அப்பியிருந்தது. யார் வீட்டிலிருந்தோ வந்த உடைந்த கண்ணாடி டம்ளர்.

அதைப் பார்த்த பிறகு 150 அதிகம் என்று சண்டை போட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கூடுகிற அறுபது ரூபாயில் அந்த அம்மா கைக்கு ஏதாவது போகுமா? உங்கள் வளாகங்களில் என்ன கொடுக்கிறீர்கள், எப்படிப் பேசி முடித்தீர்கள்? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ரவி, கே.கே.நகர்:

மேடம், கூடுதலாக ஒரு பைசா கொடுக்காதீர்கள். சொத்து வரி எதற்குக் கட்டுகிறோம்? மாநகராட்சியில் குப்பைக் கட்டணம் என்று 2021 ஜனவரியிலிருந்து வீடுகளுக்கு மாதம் 10 முதல் 100 ரூபாய் வரை போடுவதாக அறிவித்தார்கள். எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைத்தார்கள். எல்லோரும் சேர்ந்து நின்றால்தான் நடக்கும். மாநகராட்சியின் புகார் எண் 1913-க்குப் போன் செய்து உங்கள் வளாகத்துக்கு என்ன ஏற்பாடு என்று எழுத்தில் கேளுங்கள்.

பத்மா, முகப்பேர்:

கலா, நான் எங்கள் வளாகத்தில் ஆறு வருஷமாக இந்த வேலையைப் பார்க்கிறேன். 88 வீடு. ரவி சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் பெரிய வளாகங்களுக்குக் கதை வேறு. 2016 திடக்கழிவு விதிகளிலேயே எழுதியிருந்தது: 5,000 சதுர மீட்டருக்கு மேல் இருக்கும் கேட்டட் கம்யூனிட்டி, மக்கும் குப்பையை முடிந்தவரை தன் வளாகத்துக்குள்ளேயே உரமாக்கவோ எரிவாயுவாக்கவோ வேண்டும். மிச்சத்தைத்தான் வெளியே கொடுக்க வேண்டும். நாம் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டு வெளியே தள்ளிவிட்டு, அதற்கு விலை அதிகம் என்கிறோம்.

சரி, நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "வீட்டுக்கு இவ்வளவு" என்ற கணக்கை முதலில் விடுங்கள். தினமும் எத்தனை கிலோ கொடுக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? அவருக்கும் தெரியாது. கண்ணால் பார்த்து ஒரு விலை சொல்கிறார், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு பேரம் பேசுகிறீர்கள். பக்கத்துக் காயலான் கடையில் கொக்கித் தராசு இருக்கும், ஒரு வாரத்துக்கு வாங்குங்கள். ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை, டயப்பர் நாப்கின் என்று மூன்றாகப் பிரித்து ஏழு நாள் எடை போட்டு செக்யூரிட்டி நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பண்டிகை இல்லாத வாரமாகப் பார்த்துச் செய்யுங்கள். ஆயுத பூஜைக்கு மறுநாள் எடை போட்டால் பூசணிக்காயும் வாழைக்கன்றுமே தராசைச் சாய்த்துவிடும். மாம்பழ சீசனும் அப்படித்தான்.

எங்கள் வளாகத்தில் போட்டபோது பாதிக்கு மேல் ஈரக் குப்பை. அதில் பெரும்பங்கு வெறும் தண்ணீர். தண்ணீரை வண்டியில் ஏற்றி ஊர் சுற்ற வைக்கத்தான் காசு கொடுத்துக்கொண்டிருந்தோம். இப்போது அதை உள்ளேயே மக்க வைக்கிறோம். மெஷின் எதுவும் வாங்கவில்லை. விற்க வருபவர்கள் ஒரே நாளில் உரம் என்பார்கள், நம்பாதீர்கள். மெஷினிலிருந்து வருவது அரைத்துக் காய வைத்த குப்பை, அதை அப்புறமும் வாரக்கணக்கில் மக்க விடத்தான் வேண்டும். கரண்ட் பில் தனி. நாங்கள் பின்சுவர் ஓரமாகக் காற்றுப் போக ஓட்டை விட்டு ஹாலோ பிளாக்கில் ஆறு தொட்டி கட்டினோம். ஒரு அடுக்கு ஈரக் குப்பை, ஒரு அடுக்கு காய்ந்த இலை, மேலே கொஞ்சம் புளித்த மோர் தெளிப்போம். ஐம்பது அறுபது நாளில் கறுப்பாக, மண்வாசனையோடு வருகிறது. நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். இலையைக் கூட்டிப் போட்டுக் கிளறிவிட்டால் சரியாகிவிடும். வெள்ளைப் புழு வந்தால் யாரும் கத்த வேண்டாம், அது நமக்காக வேலை செய்கிறது. கொட்டாங்குச்சி, மாங்கொட்டை, இளநீர் மட்டை இவற்றை மட்டும் உள்ளே விடாதீர்கள். இலகுவில் மக்காது.

ஜிஎஸ்டி போட்டிருக்கிறார் என்றால் பில்லில் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். பதிவு இல்லாதவர் வரி என்று வசூலிக்கவே கூடாது.

இன்னொன்று, அந்த அம்மாவின் கை. தயிர்சாதமும் டயப்பரும் ஒரே பையில் வருவதற்கு விலை ஏற்றியவர் காரணமில்லை, உங்கள் 126 வீடுதான் காரணம். டயப்பரைப் பேப்பரில் சுற்றி மேலே சிவப்புக் கோடு போட்டுத் தனியாக வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடியை அட்டைப் பெட்டியில் போட்டுக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். இதற்குப் பணம் வேண்டாம், மனசு போதும்.

செந்தில், அம்பத்தூர்:

நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டி இரண்டு ஓடுகிறது. கலா மேடம் சொல்லும் ஆளை எனக்குத் தெரியாது, என் கணக்கைச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஹெல்பருக்கு நாள் கூலி 450, இப்போது 650-க்கும் ஆள் கிடைப்பதில்லை. கிடைக்காததில் ஆச்சரியமும் இல்லை, யார் பிள்ளைக்கு இந்த வேலை பிடிக்கும்? கலந்து வரும் குப்பையை என் ஷெட்டில் திரும்பக் கொட்டிப் பிரிக்க நாலு பேர். ஷெட்டுக்கு வாடகை. பால் கவருக்கு நல்ல விலை உண்டு, ஆனால் சாம்பாரில் ஊறி வந்தால் எந்தக் கடைக்காரரும் தொட மாட்டார். சிப்ஸ் பாக்கெட் மாதிரி பளபள கவருக்கு விலையே கிடையாது. சிமெண்ட் ஆலையில் எரிக்க அனுப்ப வேண்டும், லாரிச் செலவு நம் தலையில்.

பிரித்துச் சுத்தமாகக் கொடுக்கும் ஒரு வளாகத்தில் நான் வீட்டுக்கு 70-தான் வாங்குகிறேன். கலந்து கொடுக்கும் இடத்தில் 140. வண்டி அதே வண்டிதான். 80 ரூபாய்க்குக் கலந்த குப்பையை எடுக்கிறேன் என்பவர் அதை எங்கே போடுகிறார் என்று நீங்கள் சந்தேகப்பட்டது சரி.

கூலி விஷயம்: ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஆள் எத்தனை பேர், ஒருவருக்கு நாள் கூலி எவ்வளவு, கையுறை, பூட்ஸ், வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. எழுதச் சொல்லிக் கேட்டால் நேர்மையாகத் தொழில் செய்கிறவர் கோபப்பட மாட்டார்.

சுந்தரம், மேற்கு மாம்பலம்:

எனக்கு 74 வயது. காசு கொடுத்துக் குப்பை எடுக்கச் சொல்வது நமக்குப் புதிதில்லை. 1989-ல் எம்.பி.நிர்மல் எக்ஸ்னோரா என்ற தன்னார்வ அமைப்பைத் தொடங்கினார். அதன் பிறகு எங்கள் தெருவிலும் மூன்று சக்கர வண்டி வந்தது. வண்டிக்காரருக்குத் தெருவை அழகாக்குகிறவர் என்று பெயர் வைத்தோம். வீட்டுக்கு மாதம் பத்து ரூபாய். வசூலித்தவன் நான்தான். மணி அடித்தால் பெண்கள் வாளியோடு வெளியே வருவார்கள். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம், பொங்கலுக்கு வேட்டி கொடுப்போம். 2000-க்குப் பிறகு ஓனிக்ஸ் என்ற தனியார் கம்பெனி வண்டி வந்தது, அப்புறம் வேறு கம்பெனிகள். தொட்டி பெரிதானது, எடுப்பவர் முகம் மறந்துபோனது.

2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் இரவு பகலாக உட்கார்ந்திருந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்தால் தங்கள் சம்பளம் குறையும் என்பது அவர்கள் பயம். என் மருமகளோடு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். கலா, நீ அந்த அம்மா கூலியைப் பற்றிக் கேட்டாய் பார், இந்தப் பேச்சு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த அம்மாவின் பெயரை முதலில் கேட்டு வை.

கலா, துரைப்பாக்கம்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பத்மா அக்கா, தராசு வாங்கிவிட்டேன். ஏழு நாளில் மொத்தம் 826 கிலோ, நாளுக்கு 118. ஈரம் 71, உலர்ந்தது 29, டயப்பர் நாப்கின் 18. ஞாயிற்றுக்கிழமை மட்டும் 149. நோட்டை ஸ்கேன் செய்து குரூப்பில் போட்டேன். 150 ரூபாய் பற்றிக் கத்தியவர்கள் அந்த 18 கிலோவைப் பார்த்து அமைதியாகிவிட்டார்கள். எங்களிடம் கைக்குழந்தை உள்ள வீடு பதினாலுதான், மிச்சம் பெரியவர்களுடையது. என் மாமியாருடையதும் அதில் உண்டு. அதை யாரோ ஒருவர் கையால் எடுத்துக்கொண்டிருந்தார் என்பதை நான் இவ்வளவு நாள் யோசிக்கவே இல்லை.

சுந்தரம் ஐயா, அந்த அம்மாவின் பெயர் கேட்டேன், சொன்னார். கண்ணகி நகரிலிருந்து நடந்தே வருகிறார். நாள் கூலி 400.

ஒப்பந்ததாரரை உட்கார வைத்துப் பேசினோம். ஜிஎஸ்டி பதிவு எண் சரியாக இருந்தது. வீட்டு வாசலிலேயே மூன்றாகப் பிரித்துக் கொடுத்தால் 110 என்று இறங்கினார், வரி தனி. நாங்கள் 120 என்றோம். அந்தக் கூடுதல் பத்து ரூபாய், மாதம் 1,260, எங்கள் வளாகத்துக்கு வரும் இரண்டு பேர் கூலியில் சேர வேண்டும் என்று செந்தில் தம்பி சொன்னபடி எழுதி வாங்கினோம். அவர் கொஞ்சம் தயங்கினார், கையெழுத்துப் போட்டார். பிரிக்காமல் வைக்கும் வீட்டுக் குப்பையை எடுக்க வேண்டாம் என்றும் எழுதியாயிற்று. முதல் வாரத்தில் ஒன்பது வீட்டு வாசலில் பை அப்படியே கிடந்தது, அதில் ஒன்று எங்கள் தலைவர் வீடு. இப்போது மூன்று வீடு.

பி பிளாக் 42 வீட்டுக்கு மட்டும் முதலில் உரத்தொட்டி போடுகிறோம். ஒரு நாளுக்கு ஏறக்குறைய 24 கிலோ ஈரக் குப்பை. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் மேலே ஷீட் போட்டாக வேண்டும். ஒரே சிக்கல், எங்கள் வளாகத்தில் தென்னையும் பனைச்செடியும்தான் நிற்கின்றன. காய்ந்த இலை எங்கே கிடைக்கும்? தேங்காய் நார்த்தூள் வாங்கினால் செலவு ஏறுகிறது.

பத்மா, முகப்பேர்:

எங்களிடம் தூங்குமூஞ்சி மரத்து இலை எட்டு மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வண்டி அனுப்பு. நனையாமல் தார்ப்பாய் கொண்டு வரச் சொல்.