மறு: புரதம் தூய்தாக்கல் – ‘அளவுப்பெருக்கம்’ சரிவருமா?

> ஆய்வுகூடத்தில் சிறிதாகச் செய்ததை ஆலையில் பெரிதாகச் செய்வதற்கு (scale-up) ‘அளவுப்பெருக்கம்’ என்றே வைப்போமே. எல்லாருக்கும் விளங்கும்.

அண்ணா, விளங்கும், ஆனால் பிழையாக விளங்கும்.

டீஎன்ஏயைக் கூட்டுவதும் பெருக்கம், உயிர்க்கலங்கள் பிரிந்து கூடுவதும் பெருக்கம். புரதம் செய்யும் ஆலையின் ஒரே அறிக்கையில் மூன்றாவதாக இதையும் நுழைத்தால் வாசிக்கிறவர் பாடு திண்டாட்டம். அதைக்கூடப் பொறுக்கலாம். ‘பெருக்கு’ என்றால் எல்லாவற்றையும் பெருக்கத் தோன்றுகிறதே, அதுதான் வில்லங்கம்.

நானே அப்படிக் கெட்டவன். 1.6 செ.மீ. விட்டக் குழலில் 20 செ.மீ. உயரத்துக்குப் பிசின் மணிகள்; கரைசல் ஊடே ஓடும்போது புரதத்தைப் பிரித்துத் தருபவை. புரதம் அழகாகப் பிரிந்தது. கூடுதலாக வேண்டுமென்றதும் உயரத்தை இரட்டித்தேன், ஓட்டத்தையும் கூட்டினேன். அமுக்கமானி ஏறிக்கொண்டே போனது. அகரோசு என்ற மெத்தென்ற பொருளாலான அந்த மணிகள் நசுங்கி, பிசின் மட்டம் இரண்டு விரல் இறங்கி, கடைசியில் சொட்டே நின்றுவிட்டது.

செய்யவேண்டியது வேறு. உயரம் அதே 20. விட்டத்தை மட்டும் 16 ஆக்கினால் பிசின் 40 மி.லீற்றரிலிருந்து 4 லீற்றர் ஆகும். மணிக்கு 300 மி.லீற்றர் ஓடியது 30 லீற்றர் ஓடும். கரைசல் குழலைக் கடக்கும் நேரமோ அதே 8 நிமிடம். (அகன்ற குழலில் நடு மணிகளுக்குச் சுவரின் தாங்கல் கிடையாது, ஆகவே அமுக்கத்தில் இன்னொரு தலைவலி உண்டு. அது வேறு கதை.)

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் தேயிலை ஃபெக்டரியில் வேலைசெய்த மாமாவுக்கு இது தெரியும். கொழுந்து கூட வந்த நாளில் வாட்டும் தொட்டியில் குவிக்க விடமாட்டார். பரப்பும் தடிப்பு அதே, இன்னொரு தொட்டியைத் திறப்பார். குவித்தால் கீழிருந்து ஊதும் காற்றில் அடிக்கொழுந்து சருகாகும், மேலே பச்சையாகவே கிடக்கும். அப்புறம் ஃபெக்டரிக் காவல்தெய்வமான ரோதைமுனியைக் கும்பிட்டு, கொழுந்தை அரைக்கும் ரோதையில் போட்டாலும் தேறாது.

என் முன்மொழிவு ‘படியேற்றம்’. ஆய்வுகூடம், முன்னோட்ட ஆலை, பெரிய ஆலை என்று படிப்படியாகத்தானே ஏறுகிறோம்? அரிசி அளக்கிற படியும் உள்ளே இருக்கிறது. எதிர்ச்சொல்லும் சும்மா கிடைக்கிறது: படியிறக்கம். தூய்தாக்கும்போது புரதத்திலிருந்து வைரசு நீங்குகிறதா என்று பார்க்க ஆலைக்குள் வைரசைக் கொட்ட முடியாது. ஆலையின் முறையைச் சிறு குழலுக்கு இறக்கித்தான் சோதிக்கிறார்கள். ‘பெருக்க’த்துக்கு எதிர்ச்சொல் தேடினால் ‘வகுத்தல்’ அல்லவா வரும்!

‘படி’ என்றால் நகல் ஆச்சே என்று அக்கா ஒருவர் கேட்டிருந்தார். அது இன்னும் நல்லது அக்கா. ஆய்வுகூடத்தில் வந்த அதே புரதம் ஆலையிலும் வரவேண்டும், அதுதானே பாடு. 1922இல் டொரண்டோவில் இன்சுலினைத் தூய்தாக்கிய கொலிப்புக்கே கூடுதலாகச் செய்யப் போனபோது கைவரவில்லை, வாரக்கணக்கில் திண்டாடினார்கள்.

குழலுக்கு ‘நிரல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது கணினி நிரலாகவே கேட்கிறது. தனி இழை தொடங்குங்கள், அங்கே சண்டை பிடிப்போம்.