ஜாதகத்தில் நம்பிக்கை இல்லை, ஆனால் பயம் மட்டும் போக மாட்டேன் என்கிறது

வைகைக்கரை:
வயது 28, மதுரைப் பக்கம். எனக்கு லக்னத்துக்கு எட்டில் செவ்வாய், அதாவது செவ்வாய் தோஷம். அப்பாவிடம் மஞ்சள் தடவிய ஒரு ஜாதக நோட்டு உண்டு, வரன் என்று யார் பேச்செடுத்தாலும் முதலில் அதுதான் பீரோவிலிருந்து வெளியே வரும், என் போட்டோவெல்லாம் அப்புறம்தான். இப்போது நானே ஒருவரை விரும்புகிறேன். குடும்பம், வேலை எதிலும் வீட்டில் குறை சொல்லவில்லை. ஆனால் அவருடையது தோஷமில்லாத சுத்த ஜாதகம், சேராது என்கிறார்கள். எட்டாமிடம் மாங்கல்ய ஸ்தானமாம், "அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் நீ தாங்குவாயா" என்று அம்மா அழுகிறார்.

எனக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. ஆனால் ராத்திரி பைக்கில் கிளம்பியவர் போன் எடுக்காவிட்டால் முதலில் செவ்வாய்தான் நினைப்புக்கு வருகிறது. இந்தப் பயத்தோடு கல்யாணம் செய்துகொள்ளலாமா?

தெக்கத்திக்காரன்:
வேறு ஜோசியரைப் பாருங்கள். மேஷம், விருச்சிகம், மகரத்தில் செவ்வாய் இருந்தால் தோஷமில்லை என்று விதிவிலக்கே இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் வைத்தீஸ்வரன் கோயிலில் ஒரு பரிகாரம். பெரியவர்கள் மனசும் ஆறும், கல்யாணமும் நடக்கும்.

கணக்குப்புலி:
இதை நான் ஏற்கவில்லை. பரிகாரம் செய்தால் தோஷம் இருந்தது என்று நீங்களே கையெழுத்துப் போட்ட மாதிரி, நாளைக்கு அவருக்குக் காய்ச்சல் வந்தாலும் பரிகாரத்தில் என்ன குறை என்றுதான் தேடுவார்கள். கணக்கைப் பாருங்கள். 2, 4, 7, 8, 12 இதில் எதில் செவ்வாய் இருந்தாலும் தோஷம், அதாவது 12 கட்டத்தில் 5. லக்னம், சந்திரன், சுக்கிரன் மூன்றிலிருந்தும் எண்ணுகிறவர்கள் உண்டு, தனித்தனி வாய்ப்பாக எடுத்தால் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் மாட்டுவார்கள். பஞ்சாங்கமும் ஒன்றில்லை, திருக்கணிதத்தில் 2025 மார்ச்சிலேயே வந்த சனிப்பெயர்ச்சி வாக்கியத்தில் 2026 மார்ச்சில்தான்.

தாழம்பூ:
தங்கச்சி, எனக்குப் பத்துக்கு ஒன்பது பொருத்தம் பார்த்துத்தான் கட்டிக்கொடுத்தார்கள். பிள்ளை நடக்கப் பழகும் முன்பே அவர் போய்விட்டார். பொருத்தம் பார்த்த ஜோசியரை அன்றைக்கு ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, என் ராசியைத்தான் சொன்னார்கள். உன் அம்மா பயப்படுவதும் பாதி இதற்குத்தான், நாளைக்கு ஏதாவது நடந்தால் ஊர் உன்னைத்தான் சொல்லும் என்று அவருக்குத் தெரியும். அவரிடம் கிரகத்தைப் பற்றி வாதாடாதே, ஊர் பேசினால் என் பக்கம் நிற்பாயா என்று கேள். யோசிக்கத் தெரியாத வயதில் உள்ளே போன பயம் காரணம் சொன்னால் உடனே கிளம்பாது, அது போகட்டும் என்று காத்திருந்தால் வயதுதான் போகும். அந்தப் பையனிடம் இதைச் சொன்னாயா?

வைகைக்கரை:
இல்லைக்கா. அவருக்கும் இந்தப் பயம் ஒட்டிக்கொள்ளுமோ என்றுதான் சொல்லவில்லை. இன்றைக்குப் பேசுகிறேன். பரிகாரம் வேண்டாம் என்பதில் தெளிவாகிவிட்டேன். ஐயர், முகூர்த்தம் இல்லாமல் செய்தால் சட்டப்படி செல்லுமா?

கணக்குப்புலி:
நீங்கள் இருவரும் இந்துக்கள் என்றால் செல்லும். சுயமரியாதைத் திருமணத்துக்காகவே 1967இல் தமிழ்நாடு அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. உறவினரோ நண்பர்களோ முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றலாம், தாலி கட்டலாம், புரிகிற மொழியில் ஒருவரையொருவர் ஏற்கிறோம் என்று சொன்னாலும் போதும். 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். அம்மா மாலை எடுத்துக் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை, அதையும் வீட்டில் சொல்லுங்கள்.