டிராக் (drag) ரேஸ் பாரத்தில் மருமகன் கையெழுத்துக் கேட்கிறான், போடலாமா?

செராய்_மாமா:

வணக்கம். கெடாவில் பாடாங் செராய் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறேன். அக்கா மகனுக்குப் பதினாறு வயது, படிவம் 4. அத்தான் தவறி நாலு வருடமாகிறது, அதிலிருந்து எதுவானாலும் என்னிடம்தான் வருவான். போன வாரம் ஒரு பாரத்தோடு வந்து நின்றான். ஒரு அரங்கத்தின் கார் நிறுத்தும் இடத்தில் 201 மீட்டர் டிராக் ரேஸாம், நேர்கோட்டில் யார் முந்துவது என்ற பந்தயம், மோட்டார் சைக்கிள், மாணவர் பிரிவு, கட்டணம் 80 வெள்ளி. அடியில் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து என்று ஒரு கோடு. "நீங்க போட்டுடுங்க மாமா, அம்மாகிட்ட சொன்னா அழுவாங்க" என்கிறான்.

முறைத்தேன். உடனே போனை எடுத்து, அமெரிக்காவில் ஸ்கூலே இதை நடத்துது பாருங்க என்று வீடியோ காட்டுகிறான். சின்னப் பசங்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள், பச்சை விளக்கு எரிந்ததும் பறக்கிறார்கள். நிஜமாகவே அங்கே இப்படியா? யாரையெல்லாம் உள்ளே விடுவார்கள், என்ன பார்ப்பார்கள்? இங்கே இந்தப் பாரத்தை நம்பலாமா? ரோட்டில் ரெம்பிட், அதாவது திருட்டு மோட்டார் பந்தயம், பண்ணுவதைவிட இது மேல்தானே என்றும் ஒரு மனசு சொல்கிறது, அதுதான் குழப்பம்.

செலாம்பாவ்_டெக்சாஸ்:

அண்ணே, எனக்குப் பிறந்த ஊர் புக்கிட் செலாம்பாவ், இப்போது டெக்சாஸில் வேலை. என் மகனைப் பக்கத்து ட்ராக்குக்கு நானே கூட்டிப் போயிருக்கிறேன். தம்பி சொன்னதில் பாதி சரி. நடத்துவது பள்ளிக்கூடமில்லை, ட்ராக்தான் நடத்தும், அதில் பள்ளி மாணவர்களுக்கு என்று ஒரு பிரிவு வைப்பார்கள். வாசலிலேயே கார் ஓட்டும் லைசன், பள்ளி அட்டை இரண்டையும் கேட்பார்கள். பதினெட்டு நிறையவில்லை என்றால் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்ட பொறுப்பு விலக்குப் பாரம் வேண்டும், சில இடத்தில் பெற்றவர்கள் நேரில் வந்தால்தான் ஏற்பார்கள்.

அப்புறம் வண்டிச் சோதனை. எங்கள் ட்ராக்கில் ஒரு கிழவர் இருக்கிறார். பானட்டைத் திறந்து பேட்டரியை இரண்டு கையால் பிடித்து ஆட்டிப் பார்ப்பார், ஒரு இம்மி அசைந்தாலும் ஓரமாக நிறுத்து என்பார். சக்கர நட்டு எல்லாம் இருக்கிறதா, டயரில் பூ தேயாமல் இருக்கிறதா, எண்ணெய் தண்ணீர் ஒழுகுகிறதா, சீட் பெல்ட் பிடிக்கிறதா, வரிசையாகப் பார்ப்பார். போன தடவை ஒரு பையன் அரைக்கால் சட்டையும் சிலிப்பருமாக வந்தான், வண்டியைத் தொடாமலேயே திருப்பி அனுப்பிவிட்டார். முழுக்கால் சட்டை, மூடிய காலணி இல்லாமல் ஓட முடியாது.

அங்கே டிராக் ரேஸுக்குப் பெரிய அமைப்பு என்எச்ஆர்ஏ, 1951-ல் வாலி பார்க்ஸ் தொடங்கியது. தெருவில் ஓடிய பசங்களைத் தடத்துக்குக் கொண்டுவருவதுதான் அன்றைக்கு நோக்கமே. அவர்கள் விதியில் எல்லாமே விநாடிக் கணக்கு. கால் மைலை, அதாவது 402 மீட்டரை, 13.99 விநாடிக்குள் ஓடும் காருக்கு ஸ்னெல் என்ற பாதுகாப்பு முத்திரை உள்ள ஹெல்மெட் கட்டாயம், 11.49-க்கு வந்தால் பொதுவாக உள்ளே இரும்புக் கம்பிச் சட்டம் வேண்டும். குட்டிப் பசங்களுக்கு ஜூனியர் லீக் தனி, ஐந்து வயதிலிருந்து பதினேழு வரை. அந்தச் சின்ன வண்டிகள் 201 மீட்டர்தான் ஓடும், வயதுக்கு ஏற்ப ஒரு விநாடி எல்லை உண்டு, அதைவிட வேகமாக ஓடக் கூடாது. லைசன் எடுக்காத பசங்கள் சாதாரணக் காரில் ஓடவும் ஒரு பிரிவு உண்டு, ஆனால் பக்கத்து இருக்கையில் லைசன் உள்ள பெரியவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த வீடியோவில் பக்கத்தில் யாராவது தெரிகிறார்களா என்று தம்பியைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் அவனிடம் சொல்லுங்கள். மாணவர் பிரிவு பெரும்பாலும் பிராக்கெட் முறை. ஓடுவதற்கு முன்னால் என் வண்டி இத்தனை விநாடியில் போகும் என்று நீயே கணித்துக் கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் எழுத வேண்டும். மெதுவான வண்டிக்கு விளக்கு முன்கூட்டி எரியும். எழுதியதைவிட வேகமாகப் போனால் தோல்வி, விளக்குக்கு முன்னால் கிளம்பினால் சிவப்பு, அதுவும் தோல்வி. என் மகன் முதல் நாள் நன்றாக முடுக்கினான், எழுதிய நேரத்தைவிட சீக்கிரம் போய்த் தோற்றான். அம்மாவின் பழைய காரை ஓட்டி வந்த ஒரு பெண் பிள்ளை ஜெயித்தது. மூன்று நாள் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பட்டறை_லூனாஸ்:

அண்ணே, அமெரிக்கக் கதை நல்ல கதைதான், ஆனால் தம்பி ஓடப் போவது காரில்லை, கப்சாய், சின்ன மோட்டார் சைக்கிள். கார் கவிழ்ந்தால் சுற்றி இரும்பு இருக்கிறது, இதில் அவன் தோல்தான் முன்னால் போகும்.

பாரத்தை எடுத்துப் பாருங்கள், எம்ஏஎம், அதாவது மலேசிய மோட்டார் விளையாட்டுச் சங்கத்தின் அனுமதி என்று எங்காவது இருக்கிறதா? பேரை மட்டும் நம்பாதீர்கள், சங்கத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள். அடுத்தது, ஆம்புலன்ஸ் அங்கேயே நிற்குமா என்று கேளுங்கள், "கூப்பிட்டா வரும்" என்று பதில் வந்தால் பாரத்தைக் கிழித்துப் போடலாம். மூன்றாவது, நேரில் போய் நடந்து பாருங்கள். 201 மீட்டர் கோடு முடிந்த பிறகு நிற்பதற்கு எவ்வளவு இடம்? எல்லாரும் ஓடும் தூரத்தைத்தான் அளக்கிறார்கள், நிற்கும் தூரத்தை யாரும் அளப்பதில்லை. யமஹா ஒய்15 மோட்டார் கம்பெனியில் வந்தபடியே இருந்தாலும் அந்தக் கோட்டில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். நூறு என்றால் விநாடிக்கு 28 மீட்டர். பிரேக் பிடிக்கலாம் என்று மூளை சொல்லி விரல் அசைவதற்குள்ளேயே அவ்வளவு போய்விடும், அப்புறம்தான் பிரேக்கே பிடிக்கும். கார் நிறுத்தும் இடத்தில் அங்கங்கே விளக்குக் கம்பம், சிமெண்டு விளிம்பு இருக்கும், அதன் முன்னால் வைக்கோல் கட்டோ டயர் அடுக்கோ இல்லை என்றால் அது பந்தயத் தடம் இல்லை, கார் நிறுத்தும் இடம்தான்.

ஹெல்மெட் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை, ஆனால் சொல்கிறேன். பாசார் மாலாமில், ராத்திரிச் சந்தையில், முப்பது வெள்ளிக்கு வாங்கியது வேண்டாம். சிரிம் தர முத்திரை உள்ள முழுமுக ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ், தோல் ஜாக்கெட். வாங்கித் தர முடியாவிட்டால் ஓடவும் வேண்டாம்.

402_ராஜா:

அட விடுங்க அண்ணே, எங்க காலத்துல தோட்டத்து ரோட்டுலயே ராத்திரி ஓடினோம், ஒண்ணும் ஆகல. பையன் முறையா பாரம் எடுத்துட்டு வந்து கேக்குறான், அதுவே பெரிசு.

பட்டறை_லூனாஸ்:

ஒன்றும் ஆகாதவன்தான் இங்கே வந்து எழுதுகிறான் ராஜா. லோரியிலிருந்து உதிர்ந்த செம்பனைப் பழம் மேல் முன்சக்கரம் ஏறியவனை நான் கையால் தூக்கியிருக்கிறேன். கோலி குண்டு மேல் ஏறியது மாதிரிதான், உருண்டு போகும். தாடைக்கு வயர் போட்டு ஒன்றரை மாதம் கஞ்சி உறிஞ்சினான். பொதுச்சாலையில் பந்தயம் ஓடுவது 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம், வண்டிக் காப்புறுதியிலும் பந்தயத்துக்கு இழப்பீடு கிடையாது, அதை வேறு யார் கட்டுவது? பாரம் எடுத்து வந்தது நல்ல விஷயம்தான், அதில் உன்னோடு சண்டை இல்லை.

கூலிம்_டீச்சர்:

இத்தனை பேர் எழுதியும் ஒருவரும் கேட்கவில்லை, தம்பிக்கு லைசன் இருக்கிறதா? பதினாறில் பி2 என்ற மோட்டார் லைசன் எடுக்கலாம், 250 சிசி வரை ஓட்டலாம். என் வகுப்பில் மோட்டாரில் வரும் பையன்களில் பாதிப் பேரிடம் அது இல்லை, மதிலுக்கு வெளியே ரம்புத்தான் மரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்து உள்ளே வருவார்கள், எங்களுக்குத் தெரியாது என்று நினைப்பு. டெக்சாஸ் தம்பி சொன்ன அந்த வாசலில் முதல் கேள்வியே லைசன்தான். லைசன் இல்லாமல் அமெரிக்காவைக் காட்டிப் பேசுகிற பையன் அமெரிக்காவிலேயே வாசலைத் தாண்ட மாட்டான்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். பாதுகாவலர் என்பது சட்டப்படி ஆனவர். தாய்மாமன் என்றால் நம் ஊரில் காதுகுத்திலிருந்து கல்யாணம் வரை முதல் மரியாதை உண்டு, ஆனால் இந்தக் கோட்டில் உங்கள் கையெழுத்து செல்லாது. ஏதாவது ஆகிவிட்டால் ஆஸ்பத்திரியில் அறுவைக்குக் கையெழுத்துக் கேட்டு அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். பிள்ளை எங்கே போனான் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிய வேண்டுமா?

பையனை முழுக்கத் தடுக்கவும் வேண்டாம். கப்சாய் வண்டிகளுக்கான கப் பிரி பந்தயம் 1994-லிருந்து நடக்கிறது, பினாங்கு பத்து கவானிலும் நடந்திருக்கிறது, அதில் வீரா என்று இளம் ஓட்டிகளுக்கே ஒரு பிரிவு உண்டு. 2018-ல் மோட்டோஜிபி உலகப் பந்தயம் வரை போன ஹஃபிஸ் ஷாரின் கப் பிரியில் ஓடி வந்தவர்தான். அடுத்த தடவை பக்கத்தில் நடந்தால் கூட்டிப் போய், பந்தயத்தைவிட வண்டிச் சோதனை நடக்கும் இடத்தைக் காட்டுங்கள்.

செராய்_மாமா:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன், கோபம் இல்லை, சுருக்கென்றது. லைசன் இல்லை. ஒரு வருடமாக என் பழைய இஎக்ஸ்5 மோட்டாரை எடுத்துக்கொண்டு சுற்றுகிறான், சாவியைக் கொடுத்ததே நான்தான், இதில் அவனை என்ன சொல்வது.

பாரத்தில் இருந்த நம்பருக்கு அடித்தேன். ஆம்புலன்ஸ் கேட்டதற்கு "பக்கத்துலதான் கிளினிக் இருக்கு அண்ணே" என்றான். சங்க அனுமதி கேட்டதும் லைன் போய்விட்டது, அப்புறம் எடுக்கவே இல்லை.

நேற்று ராத்திரி அக்கா வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். பாரத்தை மேசையில் வைத்து, என்னைக் கேட்டதையும் சொல்லிவிட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அக்கா அழவில்லை. உள்ளே போய் அவன் ஹெல்மெட்டை எடுத்து வந்து, நாடாவின் கொக்கி உடைந்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருப்பதைக் காட்டி, "இதை எத்தனை மாசமா இப்படிப் போடுற" என்று மட்டும் கேட்டாள். அவனிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

சனிக்கிழமை கூலிமில் லைசனுக்கான கேபிபி வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். சோதனையில் ஐம்பது கேள்வியில் 42 சரியாக இருக்க வேண்டுமாம், இப்போதே புத்தகத்தை வைத்துக்கொண்டு முனகுகிறான். அதுவரை சாவி அக்காவிடம். டெக்சாஸ் தம்பி, அந்த ஷூ பாலிஷ் விஷயம் மட்டும் அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, எழுதியதைவிட வேகமாகப் போனால் எப்படி மாமா தோல்வி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். முடிந்தால் உங்கள் மகனை ஒரு வாய்ஸ் போடச் சொல்லுங்கள்.