மறு: உயிரியல் வயது, இதயத் துடிதுடிப்பு – சொற்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று நாள் மடல்களையும் நேற்றிரவுதான் ஒன்றாக இருந்து வாசித்தேன். கிளிநொச்சியில் மழை, மின்சாரமும் போய்ப்போய் வந்தது, அதனால் பதில் சுணங்கிவிட்டது. நான் மொழியியல் படித்தவன் இல்லை, ஈ.சி.ஜி. எடுப்பது என் வேலை. முதியோர் கிளினிக்குக்கு ஒரு துண்டுப்பிரசுரம் எழுதித் தரச் சொன்னார்கள், அதில் மூன்று சொற்களில் தடக்குப்பட்டேன்: பயாலஜிக்கல் ஏஜ் (பிறந்த தேதி சொல்வது அல்ல, உடல் எவ்வளவு மூத்திருக்கிறது என்பது), அதைக் காட்டும் பயோமார்க்கர், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கு கெட்ட இதயத் துடிப்பு. இவற்றுக்குத் தமிழ் கேட்டுத்தான் முதல் மடலை இங்கே போட்டேன்.

> உயிரியல் வயது என்றே வைப்போம், எல்லோருக்கும் புரியும்.

புரியாது ஐயா. எங்கள் பக்கம் உயிரியல் என்றால் உயர்தரத்தில் ஒரு பாடம். ஓர் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன், "அதுதான் என்ர பேத்தியும் படிக்கிறாள்" என்றா. "உடல்வயது" என்று சொன்னபோது யாரும் திருப்பிக் கேட்கவில்லை. "வயசு அம்பதுதான், ஆள் எழுபது மாதிரி இடிஞ்சு போனார்" என்று நாங்கள் பேசுவதே அதைத்தானே.

மற்ற வயதுக்கு, அதாவது பிறந்த தேதியில் இருந்து எண்ணுவதற்கு, சங்கப் புலவர் பிசிராந்தையாரைக் காட்டி "யாண்டு" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். யாண்டு பல ஆகியும் நரை இல்லாதது எப்படி என்று அவரிடம் கேட்ட கேள்வி இதே கேள்விதான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் யாண்டு என்று எழுதினால் கிளினிக்கில் நான்தான் நின்று விளக்க வேண்டும். "ஆண்டுவயது" போதும். எங்களுக்குள் நாங்கள் "அட்டைவயது" என்போம், அது பகிடிக்கு மட்டும் இல்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பிறப்புச் சான்றிதழ் தொலைத்தவர்கள் இங்கே எத்தனையோ பேர், உத்தேச வயதுச் சான்றிதழை வைத்துத்தான் அடையாள அட்டை எடுத்திருக்கிறார்கள். போன மாதம் வந்த ஒரு அம்மாவின் அட்டையில் 1957. அவவோ, "64 புயலுக்கு நான் அம்மாவின்ர இடுப்பில இருந்த பிள்ளை" என்கிறா. ஏழு வயதுப் பிள்ளையை யார் புயலுக்குள் இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடுவது? இது வெறும் கதை இல்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவருக்குப் பாரிசவாதம் (பக்கவாதம்) வரும் இடரைக் கணக்கிடும் புள்ளிமுறையில் 65 வயதுக்கு ஒரு புள்ளி, 75க்கு இரண்டு. அட்டைப்படி அவவுக்கு அந்தப் புள்ளி உண்டு, அவ சொல்வதன்படி இல்லை. உடல்வயதை அளக்க முடியுமா என்ற கேள்வி மற்றவர்களுக்கு ஆராய்ச்சி, எங்களுக்கு அன்றாடத் தேவை.

சரி, பயோமார்க்கருக்கு, அதாவது உடல்வயதை அறிய உடலில் அளந்து பார்க்கும் அடையாளத்துக்கு வருவோம். "முதிர்வுக் குறிகாட்டி" என்று ஒருவர் சொன்னார். முதிர்வு என்றால் இங்கே வங்கியில் போட்ட நிலையான வைப்பு, முதிரை என்றால் காட்டு மரம். முதுமை ஒரு பருவம், நடந்துகொண்டிருக்கும் வேலைக்கு அது பொருந்தாது. நரை, திரை, மூப்பு என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லும் வழக்கு கையில் இருக்க வேறு எதற்கு? "மூப்புச்சுட்டி" என்பது என் முன்மொழிவு. சுட்டி என்றால் கணினி எலி, அல்லது குறும்புக்காரப் பிள்ளை என்று சென்னை நண்பர்கள் சிரிக்கிறீர்கள், இங்கே குறும்புக்காரப் பிள்ளை "குழப்படி", ஆகவே எங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

சுட்டி என்ற சொல்லில் எனக்குப் பிடித்தது, அது காட்டுகிறதே தவிர எதையும் செய்வதில்லை. இரணைமடுக் குளத்தில் நிற்கும் அளவுகோல் தண்ணீர் எத்தனை அடி என்று காட்டும், மழையைக் கொண்டுவராது. வயதைக் கணிக்கும் கணக்குகளும் அப்படித்தான். 2013இல் ஹோர்வாத் என்ற ஆராய்ச்சியாளர் டி.என்.ஏ.யில் 353 இடங்களில் மெதைல் கூட்டம் என்ற சின்ன வேதித் துண்டு எந்த அளவில் ஒட்டியிருக்கிறது என்று பார்த்து வயது சொன்னார். 2018இல் அல்புமின், கிரியாற்றினின், குளுக்கோசு என்று ஒன்பது இரத்தச் சோதனை முடிவுகளோடு ஆண்டுவயதையும் சேர்த்து ஒரு கணக்கு வந்தது. அடுத்த ஆண்டு வந்த இன்னொன்றுக்கு மேலைநாட்டு எமனின் பெயரையே வைத்தார்கள், நாங்கள் பெயர் வைத்திருந்தால் சித்திரகுத்தன் கணக்கு என்றிருப்போம். இப்படியான கணக்குகளில் ஆண்டுவயதை உடல் முந்தி ஓடியிருந்தவர்களிடம் பிற்பாடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. ஆனால் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாற்றினினைக் கவனியுங்கள். வவுனியாப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் உள்ள விவசாயிக்கு அது ஏறித்தான் இருக்கும், உடல்வயதும் கூடிக் காட்டும், அங்கே காட்டுவது மூப்பையா சிறுநீரகத்தையா? அதனால்தான் "மூப்புக்காரணி" என்ற சொல்லை ஒரேயடியாக வேண்டாம் என்கிறேன்.

இனி ஃபிப்ரிலேஷன். இதில்தான் ஆகக் கூடிய இழுபறி.

இடத்தின் பெயரில் பிரச்சினை இல்லை. எங்கள் பாடநூல்களில் மேலே இருப்பது சோணையறை, கீழே இருப்பது இதயவறை. நீங்கள் மேலறை, கீழறை என்று எழுதினாலும் எனக்குச் சரி. "நடுக்கம்" வேண்டாம், கை நடுங்கும் நோய் என்று எடுத்துக்கொள்வார்கள். "பதறல்" அழகான சொல், ஆனால் அதுதான் எனக்குப் பயம். நெஞ்சு பதறுது, பதகளிக்குது என்று வருகிறவர்களை மனப்பதற்றம் என்று ஆறுதல் சொல்லித் திருப்பி அனுப்பிய கதைகள் உண்டு. என் பெரியம்மாவுக்கே, எந்த இடம் என்று சொல்ல மாட்டேன், இரண்டு தரம் அப்படி நடந்தது.

தருமபுரத்தில் இருந்து ஓர் ஐயா வந்தார். மணிக்கட்டில் விரல் வைத்தேன்: மூன்று அடி, ஒரு இடைவெளி, பிறகு இரண்டு விரைவாக, பிறகு ஒன்று இருந்ததா இல்லையா என்றே தெரியாமல். "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "மண்ணெண்ணெயில ஓடின வோட்டர்பம் மாதிரி, தம்பி" என்றார். பெற்றோல் கிடைக்காத போர்க்காலத்தில் வன்னியில் இருந்தவர்களுக்கு இதைவிட நல்ல வரைவிலக்கணம் வேண்டாம். ஈ.சி.ஜி. தாளில் பார்த்தால் உயரக் கோடுகளுக்கு இடையில் எந்த ஒழுங்கும் இல்லை, அவற்றுக்கு முன்னால் வரவேண்டிய சின்ன மேடு இல்லை, அந்த இடத்தில் காற்றடித்த குளத்து நீர் மாதிரி ஒரு சிலும்பல். சோணையறையின் தசைநார்கள் ஒன்றாகச் சுருங்காமல் ஒவ்வொன்றும் தன்பாட்டில் துள்ளுகின்றன.

கரையில் போட்ட மீன் என்ன செய்யும்? துடிதுடிக்கும். துடிப்பு ஒழுங்கானது, துடிதுடிப்பு ஒழுங்கு கெட்டது, இரட்டித்துச் சொல்லும்போதே வேகமும் குழப்பமும் வந்துவிடுகிறது. ஆகவே "சோணையறைத் துடிதுடிப்பு". கீழே நடந்தால் "இதயவறைத் துடிதுடிப்பு", அது சில நிமிடங்களில் ஆளைக் கொண்டுபோய்விடும், எனவே அறையின் பெயரை ஒருபோதும் விட்டுவிட்டு எழுதக் கூடாது. ஃபிளட்டர் என்பது இன்னொரு கோளாறு, சோணையறை நிமிடத்துக்கு 300 அளவில் ஒழுங்காக ஓடுவது, அதற்குச் "சிறகடிப்பு". எல்லாவற்றுக்கும் பொதுவாகச் "சீரிலாத் துடிப்பு" என்று வைத்தால் இதுவும் அதற்குள் வருமா என்பதில் எனக்கே சந்தேகம் இருக்கிறது, ஒழுங்காக அடிப்பதைச் சீரிலா என்பது எப்படி? "துடிப்புக் கோளாறு" பரவாயில்லைப் போலிருக்கிறது.

கடைசியாக, மேலே நான் இடர் என்று எழுதியதை ஆபத்து என்று திருத்தச் சொல்வீர்கள். வேண்டாம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையில் மிதிவெடிக்காக எழுதிய சொல் அது, எண்பதைத் தாண்டியவர்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு வரும் ஒன்றைச் சொல்ல அந்தப் பலகையை நட முடியாது.

பிரசுரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உடல்வயது, மூப்புச்சுட்டி, சோணையறைத் துடிதுடிப்பு மூன்றும் அதில் இருக்கும். சிறகடிப்புக்கு மறுப்பு இருந்தால் வியாழன் பின்னேரத்துக்குள் எழுதுங்கள், மின்சாரம் இருந்தால் பார்ப்பேன்.